பராங் லா வழியில் எது கெட்டால் என்ன செய்வது

இமாச்சலப் பிரதேசத்தில், ஸ்பிதியின் கிப்பர் கிராமத்தில் கடைசிப் பட்டாணி வயலைத் தாண்டிவிட்டால், லடாக்கின் கர்சோக் வரை கடை இல்லை, கூரை இல்லை, தொலைபேசிச் சிக்னல் இல்லை. விறகும் இல்லை. எட்டு ஒன்பது நாட்கள், எல்லா இரவும் 4,000 மீட்டருக்கு மேலே கூடாரத்தில்தான். நடுவில் 5,500 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது பராங் லா கணவாய். கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிறு குழுக்களோடு இந்த வழியில் பலமுறை போய் வந்திருக்கிறேன். ஆட்கள் மாறுகிறார்கள். கெட்டுப்போகும் பொருட்களும் கெடும் விதமும் மட்டும் மாறுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் இரவில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு சரிசெய்ததை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

படிக்கும்போது ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிப்பரிலிருந்து தும்லா, தல்தக், போரோஜன் என்று மூன்று இரவுகள் தங்கி நான்காம் நாள் கணவாய் ஏறுகிறோம். போரோஜன் வரை எது நடந்தாலும் இரண்டு நாளில் கிப்பருக்குத் திரும்பிவிடலாம். அங்கிருந்து காசா சுமார் 20 கிலோமீட்டர். மருத்துவமனையும் பழுது பார்க்கும் கடையும் அங்கே உண்டு. கணவாயைத் தாண்டிவிட்டால் கதை வேறு. முன்னால் நான்கைந்து நாள் நடை. அதற்கப்புறம் கர்சோக்கிலிருந்து லே நகரத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம். ஆகவே கீழே பெரிய பழுதுகளுக்கு இரண்டு முடிவுகள் இருக்கும்: கணவாய்க்கு முன் ஒன்று, பின் ஒன்று.

## ஸ்டவ் எரியவில்லை

நாங்கள் கொண்டுபோவது நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பித்தளைப் பம்ப் ஸ்டவ். உயரத்திலும் குளிரிலும் அதைப்போல நம்பகமானது வேறில்லை என்பது என் அனுபவம். ஆனால் அதை வளர்த்தெடுத்த தலைமுறை போய்விட்டதால் இப்போது வருகிறவர்களுக்கு அதன் சுபாவம் தெரிவதில்லை.

### பம்ப் அடித்தால் கைக்கு அழுத்தமே தெரியவில்லை

முதலில் காற்றுத் திருகைப் பாருங்கள். பாதி நேரம் அதை இறுக்க மறந்திருப்பார்கள். அடுத்து, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அதிலுள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள். மாற்று வளையம் இரண்டு எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

இரண்டும் சரியென்றால் பழுது பம்ப் கம்பியின் நுனியில் உள்ள தோல் வாஷரில் இருக்கிறது. ஸ்பிதியின் காற்று அத்தனை வறண்டது. கோவையில் நன்றாக வேலை செய்த வாஷர் மூன்றாம் நாள் சுருங்கிவிடும். பம்ப்பின் தலையைத் திருகிக் கம்பியை வெளியே இழுங்கள். வாஷர் காய்ந்த நார்த்தங்காய் ஊறுகாய்போல விறைத்து, ஓரங்கள் உள்ளே மடங்கியிருக்கும். அதில் நான்கைந்து சொட்டு எண்ணெய் விட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிசையுங்கள். அவசரப்படக் கூடாது. ஐந்து நிமிடம் பிசைந்தால் தோல் இளகும். ஓரத்தை மெதுவாக வெளிப்பக்கம் விரித்துவிட்டால் சிறு கிண்ணம்போல நிற்கும். அந்த வாய் கீழ்நோக்கி இருக்கும்படி குழாயில் நுழைத்து ஓரத்தை விரலால் தள்ளிவிடுங்கள். முதல் அடியிலேயே கைக்கு எதிர்ப்பு தெரிந்தால் வாஷர் பிழைத்துவிட்டது.

எந்த எண்ணெய் என்பது முக்கியம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். தல்தக்கில் பகலிலேயே மெழுகாகக் கிடக்கும். கடலை எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ சின்னக் குப்பியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

### பம்ப் கைப்பிடி தானாகவே மேலே எழும்புகிறது

பம்ப்பின் அடியிலுள்ள வால்வு காற்றைத் திருப்பி விடுகிறது என்று பொருள். கம்பியை இழுத்துப் பார்த்தால் குழாய்க்குள் மண்ணெண்ணெய் ஏறியிருக்கும். வால்வைக் கழற்ற நீளமான தனிச் சாவி வேண்டும். சாவி இல்லாமல் குறடு, ஸ்க்ரூ டிரைவர் என்று முயன்றால் பித்தளை மரை போய்விடும். அதன் பிறகு அது வெறும் பாத்திரம்தான். இதைக் காசாவில் ஸ்டவ் பழுது பார்ப்பவர் கையில் கொடுப்பதே சரி. இரண்டாவது ஸ்டவ் கையில் இருந்தால் பயணத்தைத் தொடரலாம். ஒரே ஸ்டவ்தான், அதுவும் இப்படி என்றால், போரோஜனைத் தாண்டாதீர்கள். மேலே பல இடங்களில் பனியை உருக்கித்தான் தண்ணீர். ஸ்டவ் போனால் சோறு மட்டுமல்ல, குடிநீரும் போகிறது.

### தீ மஞ்சளாகப் பெரிதாக எழும்புகிறது

பர்னர் சூடாகவில்லை. ஊரில் ஒரு நிமிடம் சூடாக்கினால் போதும். இங்கே இரண்டு மடங்கு நேரம் வேண்டும். காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள், தீ அடங்கும்வரை காத்திருங்கள். பர்னரின் கீழுள்ள ஸ்பிரிட் கிண்ணத்தை நிரப்பி மறுபடி சூடாக்குங்கள். சுற்றிலும் தகரத் தடுப்பு வைக்காவிட்டால் எத்தனை முறை சூடாக்கினாலும் காற்று அதைத் திருடிக்கொண்டு போய்விடும்.

### தீ நீலம்தான், ஆனால் சிறுத்து ஒரு பக்கமாகச் சாய்கிறது

துளை அடைத்திருக்கிறது. ஸ்டவ் ஊசியால் அதை ஒருமுறை குத்துங்கள். அடிக்கடி அடைத்தால் மண்ணெண்ணெயில் தூசியோ தண்ணீரோ இருக்கிறது. குதிரை முதுகில் குலுங்கி வந்த கேனிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். இரவு முழுவதும் கேனை அசையாமல் வைத்து, மேலாக உள்ளதை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடித்து ஊற்றுங்கள்.

### காஸ் டப்பா பாதி நிரம்பியிருந்தும் தீ சாகிறது

டப்பாவில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன் என்றால், உறைநிலையை ஒட்டி அது ஆவியாவதையே நிறுத்திக்கொள்ளும். இரவில் டப்பாவை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துப் படுங்கள். காலையில், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் உள்ள தட்டில் அதை நிறுத்திச் சமையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் டப்பாவைத் தீயில் காட்டக் கூடாது. வாங்கும்போதே புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்ததாகக் கேட்டு வாங்குங்கள். விமானத்தில் அனுமதிக்கமாட்டார்கள் என்பதால் மணாலியிலோ லேயிலோதான் வாங்க முடியும்.

எந்த ஸ்டவ் ஆனாலும், இணைப்பில் எண்ணெய் கசிந்து அங்கே தீப்பிடித்தால் உடனே அழுத்தத்தை விட்டு, மண்ணை அள்ளிப் போட்டு அணையுங்கள். அந்த ஸ்டவ்வின் பயணம் அதோடு முடிந்தது. துணி சுற்றி, கம்பி கட்டி மறுபடி ஏற்றாதீர்கள். கூடாரத்துக்குள் சமைப்பதும் கூடாது. தீயைவிட அங்கே சேரும் கார்பன் மோனாக்சைடுதான் எனக்குப் பயம். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலைவலியாகத் தொடங்கும், அதை உயரத்தின் தலைவலி என்று நினைத்து ஜிப்பை இன்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொண்டு படுப்பார்கள்.

## ஸ்டவ் நன்றாக எரிகிறது, சோறு வேகவில்லை

பழுது எதுவுமில்லை. 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது. அந்தச் சூட்டில் அரிசி மேலே குழைந்து நடுவில் ஊசியாக நிற்கும். துவரம்பருப்பு வேகவே வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் இந்த வழிக்கு வராதீர்கள். குக்கர் இருந்தும் வேகவில்லையென்றால் காஸ்கெட்டைப் பாருங்கள்: குளிரில் விறைத்து விளிம்பில் ஆவி கசியும். வெந்நீரில் போட்டு எடுத்தால் இளகிவிடும். காஸ்கெட் கிழிந்தே போனால் மிச்ச நாட்களை ரவை, அவல், பாசிப்பருப்பு ஆகியவற்றை வைத்து ஓட்டலாம். இதற்காக யாரும் திரும்ப வேண்டியதில்லை.

## காலையில் கூடாரத்துக்குள் எல்லாம் ஈரம்

"டென்ட் ஒழுகுகிறது" என்றுதான் எல்லோரும் எழுந்து வருவார்கள். பத்தில் எட்டு முறை ஒழுகலே இல்லை. உறங்கும் ஒருவரின் மூச்சிலும் உடலிலும் இருந்து ஓர் இரவில் ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீர் வெளியேறுகிறது. அது போக வழியில்லாவிட்டால் குளிர்ந்த துணியில் படிந்து சொட்டும்.

ஈரம் எங்கே என்று கையால் தடவிப் பாருங்கள். வெளித்துணியின் உட்பக்கம் முழுவதும் சீராக நனைந்திருந்தால் அது மூச்சின் ஈரம். மேலேயுள்ள காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து மூடியிருப்பார்கள், திறந்துவிடுங்கள். வாசல் ஜிப்பின் மேல்முனையையும் ஒரு சாண் திறந்து வையுங்கள். நனைந்த சாக்ஸையும் துண்டையும் உள்ளே கொடி கட்டித் தொங்கவிடாதீர்கள். இடத்தையும் பாருங்கள்: ஓடையை ஒட்டிய பள்ளத்தில் குளிர்காற்று வந்து தேங்கும். இருபது முப்பது அடி மேலே ஏறிக் கூடாரம் போட்டாலே பாதி ஈரம் குறையும்.

தரை மட்டும் நனைந்திருந்தால், அடியில் விரித்த தார்ப்பாய் கூடாரத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீட்டியிருந்தால் மழைநீரை அதுவே ஏந்தி உள்ளே கொண்டுவரும். ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள், முடிந்தது வேலை.

தையல் வரிசையில் மட்டும் சொட்டுச் சொட்டாக நின்றால் அதுதான் உண்மையான ஒழுகல். காய்ந்த பிறகு மெழுகுவர்த்தியைத் தையல்மீது அழுத்தித் தேய்ப்பது இரண்டு மூன்று நாள் தாங்கும். ஸ்பிதி மழை மறைவுப் பகுதி என்பதால் பெரும்பாலும் அதுவே போதும். வெளித்துணியின் பூச்சு செதில் செதிலாக உரிந்து பிசுபிசுக்கிறதென்றால் துணியே போய்விட்டது. அந்தக் கூடாரத்தைக் கணவாய்க்கு மேலே கொண்டுபோகாதீர்கள்.

## இரவில் குளிர் தாங்கவில்லை, தூக்கம் வரவில்லை

ஸ்லீப்பிங் பேக் சரியில்லை என்று குறை சொல்வதற்கு முன் மலிவான காரணங்களைப் பாருங்கள். சாப்பிட்டார்களா? உயரத்தில் பசி செத்துவிடும். அரை வயிற்றோடு படுத்தால் உடம்பில் சூடு பிறக்காது. படுக்கும் முன் இரண்டு கடலைமிட்டாய் தின்னச் சொல்லுங்கள். சிறுநீர் அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்களா? வெளியே போகச் சோம்பல்பட்டு விடிய விடிய நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பகலில் வேர்த்த பனியனோடு படுத்திருக்கிறார்களா? உறங்குவதற்கென்றே ஒரு ஜோடி உடையும் சாக்ஸும் காய்ந்தபடி தனியே இருக்க வேண்டும்.

பிறகு கையை அடியில் விட்டுப் பாருங்கள். குளிர் மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா? நாம் படுக்கும்போது ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கி உதவாமல் போகிறது. தரைக் குளிரைத் தடுப்பது பாய் மட்டுமே. காற்றுப் பாயில் ஓட்டை விழுந்திருந்தால் நள்ளிரவில் இடுப்பு தரையைத் தொடும். நனைத்த கன்னத்தைப் பாயின்மேல் மெதுவாக நகர்த்துங்கள், கசியும் இடத்தில் சில்லென்று ஊதும். அந்த இடத்தைத் துடைத்து, நன்கு காயவிட்டு ஒட்டுங்கள். அன்றிரவுக்குப் பைகளையும் கயிற்றுச் சுருளையும் காலியான சாக்குகளையும் அடியில் பரப்பிப் படுக்கலாம். குதிரைக்காரரிடம் கேட்டால் சேணத்தின் கீழே போடும் கம்பளியைத் தருவார். அதைவிட நல்ல மெத்தை அங்கே கிடையாது.

கடைசியாக வெந்நீர்: கெட்டியான மூடியுள்ள பாட்டிலில் நிரப்பி, சாக்ஸில் நுழைத்து, தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குடிப்பதற்கும் ஆயிற்று.

நடுக்கம் இருக்கும்வரை பயமில்லை. குளிர் குறையாமலே நடுக்கம் மட்டும் நின்றுபோய், பேச்சு குழறி, பொத்தானைப் போட விரல் வராமல், "எனக்கு ஒன்றுமில்லை" என்று சிடுசிடுத்தால் அது உடல் வெப்பம் ஆபத்தாக இறங்குவதன் அடையாளம். ஈர உடையைக் களைந்து, காய்ந்த உடை போட்டு, அக்குளிலும் மார்பிலும் வெந்நீர் பாட்டில்களைத் துணி சுற்றி வைத்து, பக்கத்தில் ஒருவர் ஒட்டிப் படுங்கள். முழு நினைவு இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள், சாராயம் கூடவே கூடாது. தெளிந்த பிறகும் அவர் மேலே ஏறக் கூடாது.

## தலை வலிக்கிறது

மற்றப் பழுதுகளில் தவறினால் ஓர் இரவு கெடும். இதில் தவறினால் ஆள் போய்விடுவார். ஆகவே இங்கே சற்று நிற்கிறேன்.

எளிய காரணங்கள் உண்டு. நாளெல்லாம் வெயிலில் தொப்பியில்லாமல் நடந்திருப்பார். தண்ணீர் குடித்திருக்கமாட்டார். நம்மவர்களிடம் இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன்: வீட்டில் தினம் மூன்று வேளை ஃபில்டர் காபி குடிப்பவர் மலைக்கு வந்ததும் திடீரென்று நிறுத்திவிடுகிறார், இரண்டாம் நாள் நெற்றிப் பொட்டில் இடிக்கிறது. இன்ஸ்டன்ட் காபிப் பொட்டலம் நான்கை அவருக்காகவே கொண்டுபோகிறேன். கூடாரத்துக்குள் ஸ்டவ் பற்றவைத்தார்களா என்பதையும் கேளுங்கள்.

ஆனால் முறை தலைகீழாக இருக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே தலைவலி என்றால் அது உயரத்தால் வந்தது என்றே முதலில் கொள்ளுங்கள். வேறு காரணம் என்று உறுதியான பிறகு மனத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பாராசிட்டமால், ஒரு மணி நேர ஓய்வு. தலைவலி முழுதாக விட்டு, இரவு உணவையும் சாப்பிட்டுவிட்டால் காலையில் பார்க்கலாம்.

### தலைவலியோடு குமட்டல், சோர்வு, தலைசுற்றல்

இது மலை நோயின் தொடக்கம். அன்று மேலே ஒரு அடிகூட வைக்காதீர்கள். அதே இடத்தில் ஒரு நாள் தங்குங்கள். குறைந்தால் தொடரலாம். குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் இறங்க வேண்டும். இதற்கு மாத்திரைகள் இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு, யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிவந்திருக்க வேண்டும். குறிப்பாக சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் சொல்லியே ஆக வேண்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

### நடை தள்ளாடுகிறது, பேச்சு புரியவில்லை

மண்ணில் ஒரு நேர்க்கோடு கிழியுங்கள். ஒரு காலின் குதிகாலை மற்றதன் பெருவிரலோடு ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் நடந்து காட்டுங்கள். அவர் கோட்டை விட்டு விலகினாலோ, விழப் போனாலோ மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது. உடனே இறக்குங்கள். இரவு இரண்டு மணியானாலும் விடியலுக்குக் காத்திருக்காதீர்கள்.

### சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது

ஏறும்போது மூச்சு வாங்குவது எல்லோருக்கும் உண்டு. பத்து நிமிடம் உட்கார்ந்தும் அடங்காவிட்டால், படுத்தால் கூடினால், ஓயாத இருமல் வந்து சளியில் நுரையோ இளஞ்சிவப்போ தெரிந்தால், உதடு நீலம் பாய்ந்தால் நுரையீரலில் நீர். இதற்கும் ஒரே வைத்தியம் இறக்கம்தான். நடக்கவிடாமல், குதிரையில் நிமிர்ந்து உட்காரவைத்து இறக்குங்கள்.

எங்கே இறக்குவது? கணவாய்க்கு முன்பென்றால் கிப்பர் பக்கம். வழியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். அந்தப் பள்ளத்தாக்கின் அடியை எட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். கணவாய்க்குப் பின்புதான் இந்த வழியின் கொடுமை: வடபக்கம் பாரே சூ ஆற்றோடு நாட்கணக்கில் நடந்தாலும் நிலம் மிக மெல்லத்தான் இறங்குகிறது. கர்சோக் இருக்கும் த்சோ மொரீரி ஏரிக்கரையே 4,500 மீட்டருக்கு மேல்தான். அங்கே "கீழே" என்று ஓர் இடமே கிடையாது. அதனால்தான் போரோஜன் முகாமில் மாலை ஆறு மணிக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்கிறேன், கோடு போட்டு நடக்க வைக்கிறேன். தலைவலி தெளியாத ஒருவரைக்கூட மறுநாள் கணவாய்க்கு அழைத்துப்போவதில்லை. கெஞ்சியிருக்கிறார்கள், கோபித்திருக்கிறார்கள், செலவழித்த பணத்தைக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களோடு ஒருவரைத் துணைக்கு அனுப்பித் திருப்பியிருக்கிறேன்.

பெரும்பாலான தலைவலிகள் கிப்பருக்கு வரும் முன்பே விதைக்கப்படுகின்றன. மணாலி 2,000 மீட்டர் சொச்சம். காசா 3,600 மீட்டருக்கு மேல். கிப்பர் 4,200க்கும் மேல். இரண்டே நாளில் ஜீப்பில் வந்து மூன்றாம் நாள் நடக்கத் தொடங்கினால் உடம்பு எப்படித் தாங்கும்? 3,000 மீட்டருக்கு மேலே, உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. காசாவில் இரண்டு இரவு, கிப்பரில் இரண்டு இரவு என்று நான் வைத்துக்கொள்வது அதற்குத்தான்.

### உதவி கூப்பிட வேண்டும்

சாட்டிலைட் ஃபோனை உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். அதை நம்பித் திட்டமிடாதீர்கள். இங்கே தந்தி, தொலைபேசி எல்லாமே குதிரைக்காரர்தான். நோயாளியின் வயது, அறிகுறி, தொடங்கிய நேரம், கொடுத்த மருந்து, நீங்கள் இருக்கும் இடம், எந்தத் திசையில் நகரப்போகிறீர்கள் ஆகியவற்றை இந்தியிலோ ஆங்கிலத்திலோ தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். வாய்ச்சொல் வழியில் மாறிவிடும். சிக்னல் கிடைத்ததும் 112. லடாக் பக்கம் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. குழுவில் இருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

## தண்ணீர் கலங்கலாக வருகிறது, ஃபில்டர் அடைக்கிறது

பனிப்பாறை அரைத்துத் தள்ளிய கல்மாவு அது. வடபக்கத்து ஆறு பால் கலந்த தேநீர்போல ஓடும். நேராக ஃபில்டரில் ஊற்றினால் இரண்டு லிட்டரில் அடைத்துவிடும். வாளியில் பிடித்து இரவு முழுவதும் வைத்து, மேல்நீரை மட்டும் எடுங்கள். அவசரமென்றால் படிகாரக் கட்டியை நாலு சுற்று சுற்றினால் ஒரு மணியில் தெளியும். சிறு பக்க ஓடைகள் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அங்கே நிரப்பிக்கொண்டு வருவது இன்னும் நல்லது.

ஃபில்டர் மெதுவாக வந்தால் எதிர்த்திசையில் தண்ணீரைத் தள்ளிக் கழுவுங்கள். இரவில் உறைந்திருந்தால் மட்டும் அதை மறந்துவிடுங்கள். உள்ளே மயிரிழைக் குழாய்கள் வெடித்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீரும் முன்னைவிட வேகமாகவே வரும். நல்லது என்று குடித்து வயிறு கெட்டவர்கள் உண்டு. அன்று முதல் கொதிக்க வைத்தே குடியுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் தளதளவென்று மூன்று நிமிடம் கொதித்தால் போதும். குளோரின் மாத்திரை போடுகிறவர்கள், பனிநீரில் அது வேலை செய்ய உறையில் உள்ளதைவிட நேரம் கூடுதலாகும் என்பதை மறக்காதீர்கள்.

வயிறு கெட்டே விட்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ரத்தம் தெரிந்தாலும், காய்ச்சல் சேர்ந்தாலும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் அவரைக் கணவாய்க்கு ஏற்றாதீர்கள்.

## ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளக்கிறது

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது அதிகம். மூன்று வருடம் முன்பு வாங்கி, இரண்டே முறை போட்டு, அலமாரியில் பத்திரமாக வைத்த விலையுயர்ந்த ஷூதான் முதலில் பிளக்கும். அடிக்கும் மேலுக்கும் நடுவிலுள்ள பாலியூரித்தேன் மெத்தை, காற்றின் ஈரத்திலேயே உள்ளுக்குள் மக்கிவிடுகிறது. கிளம்பும் முன் அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். குழி நிமிராமல் நின்றாலோ, பொடி உதிர்ந்தாலோ வேறு வாங்குங்கள்.

வழியில் பிளந்தால் பசை பிடிக்காது. ஒட்டவேண்டிய பொருளே மாவாகிவிட்டது. மெல்லிய கட்டுக்கம்பியை அடிப்பாகத்தின் பள்ளங்களில் ஓடவிட்டு, முன்பாதத்தில் இரண்டு சுற்று, நடுவில் ஒரு சுற்று முறுக்குங்கள். குதிரைக்காரரிடம் சாக்குத் தைக்கும் ஊசி இருந்தால் விளிம்பைத் தைத்தும் விடலாம். ஒரு ஷூ பிளந்தால் மற்றதும் ஓரிரு நாளில் பிளக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் கட்டிவிடுங்கள்.

## சில்லறைப் பழுதுகள்

ஜிப் மூடியபின் பின்னால் திறந்துகொண்டே வந்தால் பல் போகவில்லை, இழுப்பான் தளர்ந்திருக்கிறது. குறட்டால் அதன் இரண்டு பக்கங்களையும் மிக மெதுவாக அழுத்துங்கள். ஒருமுறை அதிகம் அழுத்தினால் உடைந்துவிடும். டார்ச்சும் ஃபோனும் மாலையில் செத்து, காலை வெயிலில் தானே உயிர்பெற்றால் பேட்டரி குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரவில் உங்களோடு படுக்கவையுங்கள். உறைந்த நிலையில் சார்ஜ் மட்டும் ஏற்றாதீர்கள். கூடார முளை மணலில் நிற்கவில்லையென்றால் கயிற்றைத் தலையளவுக் கல்லில் கட்டி, அதன்மேல் இன்னொரு கல்லை வையுங்கள். விடியற்காலையில் குதிரைகளைக் காணவில்லையென்றால் பதறாதீர்கள். புல்லைத் தேடி வந்த வழியே போயிருக்கும். குதிரைக்காரர் தேடிவரும்வரை கூடாரத்தைப் பிரிக்காமல் இருங்கள்.

## நேற்று முழங்கால் அளவென்று சொன்ன ஆறு இன்று இடுப்பளவு ஓடுகிறது

கணவாய்க்குப் பின், நோர்பு சும்தோ என்ற இடத்தில் பாரே சூவைக் கடக்கும்போது வருவது இது. இந்த ஆறு இங்கிருந்து திபெத்துக்குள் போய், சுற்றிக்கொண்டு மறுபடி இந்தியாவுக்குள் வந்து ஸ்பிதி ஆற்றில் கலக்கிறது. திபெத் பக்கம் மண்சரிந்து தேங்கி, 2005 ஜூனில் உடைத்துக்கொண்டு வந்து சட்லெஜ் கரையையே சூறையாடியதும் இதே ஆறுதான்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேலென்றால் பழுது ஆற்றில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பகல் வெயிலில் உருகிய பனிநீர் மாலையில் வந்து சேர்கிறது; விடியலில்தான் ஆறு மிகவும் மெலிந்திருக்கும். அடுத்து இடத்தைப் பாருங்கள். ஒரே வாய்க்காலாகக் குறுகி ஓடும் இடத்தில் கடக்காதீர்கள். நாலைந்து கிளையாக விரிந்து ஓடும் இடத்தைத் தேடிக் கரையோடு நடங்கள். தண்ணீருக்குள் கற்கள் உருளும் சத்தம் கேட்டால் அங்கே இறங்கவே வேண்டாம்.

கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள். நீர் வரும் திசையைப் பார்த்து, கம்பை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் அடிவைத்துப் போங்கள். பலசாலி மேல்பக்கம் நிற்க, மூன்று பேர் தோள்பிடித்துச் சேர்ந்து போவது இன்னும் நல்லது. வேகமான நீர் முழங்காலுக்கு மேலே ஏறினால் திரும்பிவிடுங்கள். அங்கிருந்து ஆட்களையும் மூட்டைகளையும் குதிரையில் கடத்துவது குதிரைக்காரரின் வேலை. அவர் ஆற்றைப் பார்த்துத் தலையை ஆட்டி "இன்று வேண்டாம்" என்றால் விவாதிக்காதீர்கள். கரையிலிருந்து நன்றாக மேலே ஏறிக் கூடாரத்தைப் போடுங்கள். தண்ணீரோரத்தில் ஒரு கல்லை நட்டு அடையாளம் வையுங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, அந்தக் கல்லுக்கு எவ்வளவு கீழே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஷூவை மாட்டிக்கொண்டே தேநீர் குடித்துவிட்டு, வெயில் எட்டும் முன் கடந்துவிடுங்கள்.